சாமான் வைக்கும் இடம்

மரவேலை செய்பவர்களிடம் பொதுவான ஒரு புலம்பல் உண்டு. கிளாம்பு எத்தனை வாங்கினாலும் பத்தாது. இரண்டு பலகைகளுக்குப் பசை தடவி ஒட்டும்போது அரையடிக்கு ஒன்று போட வேண்டியிருக்கும். மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றிப் போடாவிட்டால் பலகை வளைந்துகொள்ளும். இப்படி வாங்கி வாங்கி முப்பது, நாற்பது என்று சேர்ந்த பிறகு அடுத்த பிரச்சினை வரும். இதையெல்லாம் எங்கே வைப்பது?

மற்ற கருவிகளைவிடக் கிளாம்புக்கு இடம் செய்வது கஷ்டம். உளியைப் பெட்டியில் போடலாம், சுத்தியலை ஆணியில் மாட்டலாம். எஃப்-கிளாம்புக்குத் தலை கனம், உடம்பு நீளம், நடுவில் ஒரு கை முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும். மூலையில் குவித்து வைத்தால் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும். ஒன்றை இழுத்தால் மூன்று வரும். ஆனால் பசை தடவிய பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நம்ம ஊர் வெக்கையில் சாதாரண வெள்ளை மரப்பசை சில நிமிடங்களிலேயே தோல் கட்டத் தொடங்கிவிடும். அதனால் நாற்பதும் கை எட்டும் தூரத்தில், எது எங்கே என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும்.

மேருவில் என் வரிசை வீட்டின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே எட்டடிக்குப் பத்தடி இடம்தான் என் பட்டறை. அதன் சுவரில் ரப்பர் மரப் பலகையில் ஒரு தாங்கி செய்து மாட்டியிருக்கிறேன். முறை பழையதுதான். ஒரு சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்தால் இரண்டு துண்டாகும். ஒன்றைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கி, இன்னொன்றைத் தாங்கியின் முதுகில் பொருத்தினால், தாங்கி தன் பாரத்தாலேயே சுவரைக் கவ்விக்கொள்ளும். தாங்கியில் வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளமும் கிளாம்பின் இரும்புப் பட்டையைவிடக் கொஞ்சம் அகலம். முன்பக்கம் தலை வழுக்கி விழாதபடி சின்ன மேடு. இது வரைக்கும் தேவை. அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் ஆசை. பள்ளங்களுக்கு நடுவே ஒரே இடைவெளி, நீளமானதிலிருந்து குட்டை வரை இறங்கிவரும் வரிசை, விரல் படும் விளிம்பையெல்லாம் உருட்டித் தேய்த்தது, கடைசியில் இரண்டு கை எண்ணெய்.

"ஆணி அடிச்சு மாட்டினா போதாதா? இதுக்கு எதுக்கு இவ்ளோ அலங்காரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. நேரம் என்பது ஒரு வகையில் நாம் பிறருக்குக் கொடுக்கக்கூடிய பொருள். அதை ஓர் இரும்புத் துண்டுக்குக் கொடுக்கிறோம். அந்த இரும்புக்கு அது தெரியப்போவதும் இல்லை.

வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எல்லாம் பயன் சார்ந்தவை. அழகான இடம் இருந்தால் எடுத்த பொருளைத் திரும்ப வைக்கத் தோன்றும். காலியான பள்ளத்தைப் பார்த்தாலே எது காணோம் என்று புரிந்துவிடும். திரும்ப வைக்கும்போது ஒட்டியிருக்கும் பசையைத் துடைப்போம், துரு பிடிக்காது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பதில்களை நான் முழுசாக நம்புவதில்லை. பயனைக் காட்டித்தான் அழகுக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால், அது முதலாளியிடம் லீவுக்குக் காரணம் சொல்வது மாதிரி.

அமெரிக்காவில் ஹென்றி ஸ்டட்லி என்று ஒருவர் இருந்தார். 1838-இல் பிறந்து 1925-இல் இறந்தவர். பியானோ செய்யும் தொழிலாளி. தன் கைக்கருவிகளுக்காக அவர் செய்த சுவர்ப்பெட்டி மரவேலை உலகத்தில் ரொம்பப் பிரபலம். மகோகனி, கருங்காலி, தந்தம், முத்துச் சிப்பி எல்லாம் இழைத்த அந்தப் பெட்டிக்குள் 200-க்கும் மேற்பட்ட கருவிகள் ஒவ்வொன்றும் தன் வடிவத்துக்கே செதுக்கிய குழியில் உட்கார்ந்திருக்கும். பயன் மட்டும்தான் காரணம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு வேலை போதும். மீதி ஒன்பது பங்கை நன்றி என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட சாமானுக்கு ஒரு மனுஷன் செய்த மரியாதை.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆயுத பூஜை அன்று கிள்ளான் வட்டாரத்துப் பட்டறைகளில் கடைசல் இயந்திரத்துக்கும் லாரிக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். இயந்திரத்துக்குத் தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வைக்கிறோம். நன்றி என்பது வாங்குபவருக்குத் தெரிந்தால்தான் செல்லும் என்பதில்லை. கிளாம்பு விஷயத்தில் இது இன்னும் பொருந்தும். பசை காயும் வரை பிடித்துக்கொண்டு நிற்கும். காய்ந்ததும் கழற்றிவிடுவோம். முடிந்த மேசையில் அதன் தடம் எதுவும் இருக்காது. இருந்தால் அது குறை. அப்படிப்பட்ட ஒன்றுக்குச் சுவரில் நல்ல இடம் கொடுப்பதில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

பிரச்சினை இங்கே முடிந்திருந்தால் நல்லது. ஆனால் சாமானுக்கு நன்றி சொல்வது மிகவும் சுலபமான நன்றி. அது திருப்பி எதுவும் கேட்காது. "இந்த இடம் எனக்குப் பத்தல" என்று சொல்லாது. சொல்லக்கூடியவர்களுக்கு இடம் செய்யும்போதுதான் நம் லட்சணம் தெரியவரும்.

நான் பயன்படுத்திய பலகையையே பாருங்கள். ரப்பர் மரம் சுமார் 25, 30 வருஷம் பால் கொடுக்கும். பிறகு வெட்டிவிட்டுப் புது மரம் நடுவார்கள். 1970களின் பிற்பகுதி வரை வெட்டிய மரம் பெரும்பாலும் விறகுதான். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும், பூச்சி அரிக்கும். போரான் உப்பை உள்ளே ஏற்றிப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அது நாற்காலியும் மேசையுமாக ஏற்றுமதியானது. அப்போதும் நீளமான துண்டு கிடைப்பது அரிது. சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி பல் வெட்டி, பசை தடவி, அழுத்திப் பிடித்துத்தான் பலகையாக்குகிறார்கள். ஆக என் பலகையே ஒரு காலத்தில் கிளாம்புக்குள் நின்ற பலகை. அந்த மரத்தைச் சுற்றி நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக எங்கே படுத்து எழுந்தார்கள் என்ற கேள்வி அங்கிருந்துதான் எனக்கு வந்தது.

நல்ல கிளாம்புத் தாங்கிக்கு நாலு விதி சொல்லலாம். ஒன்று, வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு, குறைந்த இடத்தில் அதிக எண்ணிக்கை பிடிக்க வேண்டும். மூன்று, ஒரே பார்வையில் எண்ணிவிட முடிய வேண்டும். நாலு, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இந்த நாலையும் மனிதர்களை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை படியுங்கள். அதுதான் லயம். பால்மரக் காட்டுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஒட்டி ஒட்டி அறைகள். விடியுமுன் பெரட்டில் தலை எண்ணுவார்கள். சாயங்காலம் எல்லோரும் அதே அறைக்குத் திரும்ப வேண்டும். அதைக் கட்டியவர்கள் எல்லோரும் கொடூரமானவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு அடித்து, முன்னால் பூச்செடி வைத்த லயங்களும் இருந்தன. பார்க்க லட்சணமாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அதுவும் தாங்கிதான், அழகான தாங்கி. அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்று சொன்னார். அப்படி வாயால் சொல்ல இன்று யாரும் துணிவதில்லை. கட்டடத்தின் அளவுகள் அதைச் சொல்லிவிடும்.

இது பழங்கதை என்று தோன்றலாம். 2020-இல் உலகம் முழுக்கக் கையுறைக்கு அலைந்தபோது, மேருவில் இருக்கும் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. அந்த வருஷம் நவம்பரில் இங்குள்ள தொழிலாளர் விடுதிகளை ஒட்டி 'தெராத்தாய்' என்று பெயரிடப்பட்ட தொற்றுத் திரள் வெடித்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நோய் கண்டது. 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூடும்படி அரசு சொன்னது. தங்குமிடங்களில் நெரிசல் என்று தொழிலாளர் துறை விசாரணையில் இறங்கியது. கையுறைகள் அட்டைப் பெட்டிக்குள் ஒழுங்காகத்தான் அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கியவர்களும் அதே கணக்கில் அடுக்கப்பட்டிருந்தார்கள்.

அதற்குச் சில மாதம் முன்புதான், 2020 ஜூன் 1 முதல், தொழிலாளர் வீட்டு வசதிக்கான 446-ஆவது சட்டத்தின் திருத்தம் அமலுக்கு வந்திருந்தது. 1990-இல் வந்த அந்தச் சட்டம் அதுவரை தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமே பொருந்தியது. அப்போதுதான் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. அதன் விதிகளில் அளவுகள் இருக்கின்றன. பொதுக்கூடம் மாதிரியான விடுதியில் ஓர் ஆளுக்குத் தூங்குமிடம் குறைந்தது 3 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் என் பட்டறையில் இரண்டு பேர் தங்கலாம். தலைக்கு ஓர் அலமாரி, 0.35 மீட்டர் நீளம், 0.35 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் உயரம். மூன்றடி வாய் திறக்கும் என் நீளமான கிளாம்பு அதற்குள் நிமிர்ந்து நிற்காது.

இதை வைத்துச் சட்டத்தைக் கேலி செய்வது எளிது. நான் செய்ய விரும்பவில்லை. குறைந்தபட்ச அளவு என்று ஒன்று எழுதப்பட்டதால்தான் ஓர் அதிகாரி டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய் "இது பத்தாது" என்று சொல்ல முடிகிறது. கிளாம்பு எனக்கு எதிராகப் புகார் கொடுக்க முடியாது. அதனால் அதன் அளவைவிட அரை அங்குலம் கூடுதலாகக் கொடுத்தேனா என்பது என் பெருந்தன்மை. மனிதருக்கு அது என் பெருந்தன்மையாக இருக்கக் கூடாது. அவருடைய உரிமையாக இருக்க வேண்டும்.

அந்த விதியில் இன்னொரு சொல் இருக்கிறது. அலமாரிக்குப் பூட்டு வேண்டும். கட்டில், மெத்தை, சதுர மீட்டர் எல்லாம் ஓர் ஆளை எங்கே, எப்படி வைப்பது என்ற கணக்கு. பூட்டு போட்ட அலமாரி வேறு. அதில் அவர் வைக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த போட்டோவோ, கடப்பிதழோ, புதுச் சட்டையோ, எதை எங்கே வைப்பது, யாருக்குத் திறந்து காட்டுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார்.

வீட்டுப் பட்டறையில் அழகாக ஒரு தாங்கி செய்யுங்கள். தப்பே இல்லை. செய்யும்போது ஒன்று தெளிவாகப் புரியும். எண்ணெய் தேய்த்த அந்த விளிம்பு முழுக்க என் கைக்காக, என் கண்ணுக்காக. கிளாம்புக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. மனிதருக்கு இடம் கட்டுகிறவர் அந்த அழகை, அந்தக் கூடுதல் அரை அங்குலத்தை, உள்ளே இருப்பவர் கையில் விட வேண்டும். சுவருக்கு என்ன வர்ணம் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான்.