மிச்சமான நேரம் யாருக்குரியது?

கருவிகளால் மனிதனுக்குக் கிட்டும் பெரும்பயன், காலம் மிச்சமாதலே. ஆயின், அவ்வாறு மிச்சமான காலம் யாருக்குரியது என்னும் வினாவை எவரும் எழுப்பக் காணோம். பிற தொழில்களில் இது வெறும் வரவு செலவுக் கணக்காக இருக்கலாம். வழக்கறிஞர் தொழிலிலோ இஃது அறத்தைப் பற்றிய வினாவாகும்.

முன்னாளில் வழக்கறிஞரின் பின்னே குமாஸ்தா ஒருவர் கட்டுக்கட்டாகக் காகிதங்களைச் சுமந்து நீதிமன்றப் படியேறுவார். இன்று அக்கட்டுகள் யாவும் ஒரு மடிக்கணினியிலோ, டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியிலோ அடங்கிவிட்டன. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலேயே சிவில் வழக்குப் பத்திரங்களை மின்வழியில் தாக்கல் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. மலேசிய நீதிமன்றங்களிலும் 2011ஆம் ஆண்டு முதல் இம்முறை பரவியது. நூலகத்தில் நாள் முழுதும் தேடவேண்டியிருந்த தீர்ப்பு, விரல் தொட்ட மாத்திரத்தில் கண்முன் நிற்கிறது. இதனை அறிவுடையார் குறை கூறார். பழையது என்பதற்காகவே காகிதத்தைப் போற்றுவது மூடப்பழக்கமேயன்றி வேறன்று.

நிற்க. அரைநாள் வேலை அரைமணியில் முடியுமாயின், எஞ்சிய நேரத்தை வழக்கறிஞர் எங்ஙனம் செலவிடுகிறார்? மற்றும் ஒரு வழக்கை ஏற்கலாம், வருவாயும் பெருகும். அதில் குற்றம் என்ன என்பாரும் உளர். ஆனால், அந்நேரம் முற்றும் அவருடையதன்று என்பதே நம் கருத்து. காகிதத்தைச் சுமப்பதும் தேடுவதும் இயந்திரத்தால் ஆகும். படித்து உணர்வதும், கட்சிக்காரர் சொல்வதைச் செவிமடுப்பதும் வழக்கறிஞரே செய்யவேண்டியவை. கட்சிக்காரர் அவரை நம்பி வருவது இவ்விரண்டிற்காகவே. ஆதலின், சுமப்பதிலும் தேடுவதிலும் மிச்சமான நேரம், படிப்பதற்கும் கேட்பதற்கும் செலுத்தவேண்டிய கடன் என்க.

இக்கடனை மறந்தால் விளைவது யாது? 2023ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி என்னும் செயலி காட்டிய முன்தீர்ப்புகளைச் சரிபாராமலே நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினர். அத்தீர்ப்புகளோ எந்த நீதிமன்றமும் வழங்காதவை! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். பொய்யை ஆக்கியது இயந்திரம், தண்டம் மனிதருக்கு. ஏனெனில், படிக்கும் கடமை மனிதருடையது அன்றோ?

மற்றொன்று நமக்கு அணித்தானது. பெருந்தொற்று பரவிய 2020 மே மாதத்தில், சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் போதைப்பொருள் வழக்கொன்றில் மலேசியர் ஒருவருக்கு ஸூம் திரையின் வழியே மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் ஆராய்ந்து, 2022 அக்டோபரில் அவரைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. திரையால்தான் முதல் தீர்ப்பு பிழைபட்டது என்று நாம் கூறவில்லை. ஆனால், ஓர் உயிரை மீட்டது கருவியின் விரைவன்று. பொறுமையோடு மீண்டும் படித்த கண்களே.

தோட்டத் தொழிலாளி ஒருவர் சம்பளப் பாக்கிக்காக வழக்கறிஞரை நாடுகிறார் எனக் கொள்வோம். அவர் பேசும்போது வழக்கறிஞரின் பார்வை திரையிலேயே நிலைத்திருந்தால், அவர் கூச்சமுற்றுப் பாதியில் நிறுத்திவிடுவார். சொல்லாது விட்ட அப்பாதியிலேயே வழக்கின் உயிர் இருத்தல் கூடும். அதே பலகையை அவர் பக்கம் திருப்பி, “ஐயா, இது உங்கள் வாக்குமூலம், இப்படி எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்னது இதுதானா?” என்று தமிழில் கேட்டால், வழக்கு அவருடையதாகிறது. கருவி ஒன்றே, அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் அறம் இருக்கிறது.

ஆகவே, கணினியைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதனைத் தெய்வமாக்கிக் கும்பிடவும் வேண்டா. படித்தவர் முன் கைகட்டி நின்று, புரியாத பத்திரத்தில் கையொப்பமிட்ட காலம் போதும். நம் மக்கள், “என் பத்திரத்தை எனக்குக் காட்டுங்கள், விளக்குங்கள்” என்று கேட்கும் துணிவு பெறல் வேண்டும். அங்ஙனம் கேட்பது மரியாதைக் குறைவன்று, அவர்தம் உரிமை. இயந்திரம் மிச்சப்படுத்தித் தந்த நேரத்தில் அதற்கு இடமில்லை என்று எந்த வழக்கறிஞரும் சொல்ல முடியாது.