கேட்காமல் விட்ட கேள்வி

சில இடங்களுக்கு மன அமைதியைத் தேடிப் போகிறோம். இருக்கிற அமைதியையும் அங்கே தொலைத்துவிட்டுத் திரும்புகிறோம். 2018-ஆம் ஆண்டு பங்குனி மாதத்துக் காலைப் பொழுது ஒன்று எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. 2011 ஜனவரியில் திறந்தார்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சுண்டலையும் நினைத்துக்கொள்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். பறவைக்கும் மீனுக்கும் மரத்துக்குமாக ஏற்பட்ட இடம் அது. நான் போன நாளில், முன்கூட்டி அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரோடுதான் உள்ளே போக முடிந்தது. என் பத்து வயது மகளும் வந்திருந்தாள்.

வாசலைத் தாண்டி நூறு அடி நடந்ததும் சாலையின் இரைச்சல் அடங்கிவிட்டது. புங்கமரங்கள் பழைய இலையைக் கழித்துத் தளிர் விட்டிருந்தன. எங்கோ ஒரு குயில் விட்டு விட்டுக் கூவிற்று. கழியோரத்தில் அலையாத்தி மரங்கள். அவற்றின் அடியில், சேற்றைப் பிளந்துகொண்டு விரல் விரலாக நூற்றுக்கணக்கில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தன. மூச்சு வேர்கள் என்றார் வழிகாட்டி. சேற்றுக்குள் காற்றுக் கிடையாது. ஆகவே வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிறதாம் அந்த மரம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள், எங்கள் காலடி அதிர்ந்ததும் வளைக்குள் மறைந்தன. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் எவ்வளவு அழகாக வளர்ந்திருக்கிறது!" என்றேன் நான்.

"இங்கே முதல் வேலை நடுவதில்லை சார், அள்ளுவதுதான்," என்றார் வழிகாட்டி. "ஊர்க் குப்பையெல்லாம் இங்கேதான் கிடந்தது. வீடு இடித்த கல்லும் மண்ணும் லாரி லாரியாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்த பிறகுதான் தண்ணீர் உள்ளே வந்தது."

"கொட்டினவங்களுக்கெல்லாம் தண்டனை கொடுத்தாங்களா?" என்று கேட்டாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். "யாருன்னு தெரிஞ்சாத்தானேம்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவனை எனக்குத் தெரியும் என்று பட்டது.

2003-இல் மந்தைவெளியில் எங்கள் பழைய வீட்டின் முன்கட்டை இடித்துக் கட்டினோம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் மேற்பார்வை என் பொறுப்பு. சிமெண்டு விலை, கம்பியின் கனம், கதவுக்கு என்ன மரம், எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டேன். வாசலில் மலைபோல் குவிந்த இடிபாட்டை எடுத்துப் போக ஒரு லாரிக்காரர் வந்தார். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "எவ்வளவு?" எங்கே என்று கேட்கவில்லை. ராத்திரி வேளையில் ஐந்து நடை போயிற்று. காலையில் வாசல் சுத்தமாக இருந்தது. அம்மா கோலம் போட்டாள்.

அந்த ஐந்து லாரிக் கல்லும் இந்தக் கழியில்தான் விழுந்தது என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. வேறு எந்த ஏரியிலோ பள்ளத்திலோ விழுந்திருக்கலாம். அதுதான் என்னை உறுத்திற்று. எங்கே விழுந்தது என்று தெரியாதவனாக இருப்பதற்கும் சேர்த்தல்லவா அன்று பணம் கொடுத்தேன்? அறியாமை வேறு, அறிய விரும்பாமை வேறு. முன்னது குழந்தைக்கும் உண்டு, அதை மன்னிக்கலாம். பின்னது விவரம் தெரிந்தவர்கள் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது.

கட்டட இடிபாட்டை என்ன செய்ய வேண்டும் என்று மத்திய அரசு தனியே விதி வகுத்தது 2016-இல்தான். 2003-இல் அப்படி ஒரு விதி இல்லையே என்று எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாடினான். நல்ல வாதம்தான். ஆனால், அக்கம்பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கூடைக் கல்லைக்கூடக் கொட்ட நான் துணிந்திருக்க மாட்டேன். அதற்கு எந்த விதியும் எனக்குத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவார். நண்டும் நாரையும் என் கண்ணில் படாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் இலக்கணம் ஐந்திணை வகுத்தது. கடலோர நிலமான நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல். பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். அங்கே நிலத்தைக் கெடுப்பது வெயில். நெய்தலைக் கெடுக்க லாரி போதும் என்பதை அவர் எப்படிக் கண்டிருக்க முடியும்?

பொதுப்பணத்தைச் செலவிட்டு யாரோ அள்ளினார்கள்; யாரோ நட்டார்கள். அலையாத்தி தழைத்துவிட்டது என்பதால் என்னை அது மன்னித்துவிட்டது என்று எழுதிவிடுவது எழுத்தாளனுக்குச் சுலபம். மரம் வளர்வது அதன் இயல்பு. மன்னிப்பு வழங்குவது அதன் தொழில் அல்ல.

வீடு திரும்பும்போது மகளிடம் சொன்னேன். "நானும் அந்த மாதிரி அஞ்சு லாரி அனுப்பியிருக்கேம்மா."

"எங்கே கொண்டு போறீங்கன்னு கேக்கலையாப்பா?"

"கேக்கலை."

"ஏன்?"

மந்தைவெளி வரும் வரை யோசித்தேன். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

பின்னொரு சமயம் வீட்டில் குளியலறையை இடித்துக் கட்ட நேர்ந்தது. இடிபாட்டை எடுக்க வந்தவரிடம், "எங்கே கொட்டுவீங்க?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படிக் கேட்டவர் அதிகம் இல்லை போலும். இத்தகைய கல்லை அரைத்து மறுபடி பயன்படுத்த மாநகராட்சி பெருங்குடியில் ஓர் ஆலை வைத்திருப்பதைச் சொல்லி, அங்கே கொண்டு போகச் சொன்னேன். "தூரம் சார், கூட ஆகும்," என்றார். சரி என்றேன். வண்டி கிளம்பிற்று.

தெருமுனையில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.