விரைவும் வாய்மையும்

கருவியொன்றின் சிறப்பை அதன் விரைவைக் கொண்டு அளப்பதா, அன்றி அதன் செயலை ஆராய்ந்தறியும் உரிமையைக் கொண்டு அளப்பதா என்னும் வினா, பொறியியலார்க்கு மட்டுமே உரியது போலத் தோன்றினும், அடிப்படையில் அறவியல் சார்ந்ததேயாகும். விஞ்ஞானக் கணிப்பில் பயன்படும் தொகுப்பான்கள் பற்றிய விவாதத்தில் இவ்வினா மிகத் தெளிவாக எழுகின்றது.

மனிதர் எழுதும் நிகழ்ச்சித்திட்டத்தைக் கணினி நிறைவேற்றத்தக்க கட்டளைகளாக மாற்றுவதே தொகுப்பானின் பணி. 1957ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு போர்ட்ரான் தொகுப்பானை வெளியிட்டது முதல், விஞ்ஞானிகள் தம் சூத்திரங்களை அதனிடம் ஒப்படைத்து வருகின்றனர். 1987இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் வெளியிட்ட ஜி.சி.சி. தொகுப்பானை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 2005 முதல் புதிய போர்ட்ரான் தொகுப்பானொன்றும் அதனுடன் இணைந்தது. மறுபுறம், நுண்செயலிகளை ஆக்கும் இன்டெல் நிறுவனம் விலைக்கு விற்ற தொகுப்பான், அந்நிறுவனத்தின் பொறிகளில் விரைவுக்குப் பெயர் பெற்றிருந்தது.

விரைவை வெறும் ஆடம்பரம் எனத் தள்ளுதல் இயலாது. 2025 நவம்பரில் வீசிய திட்வா சூறாவளியின் பெருமழை, மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்களில் வெள்ளத்தையும் மண்சரிவையும் விளைவித்தது. மலைச்சரிவில் வாழ்வோர்க்கு, மழைக்குப் பின்னர் வந்து சேரும் மழைக் கணிப்பினால் யாது பயன்? உலகின் பல நாடுகளிலும் வழங்கும் டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை மாதிரி பெரும்பாலும் போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்டது. அதனை இருவகைத் தொகுப்பான்களாலும் இயங்கச் செய்யலாம். ஒரு மணி நேரம் முந்துவது சில உயிர்களைக் காக்குமாயின், அவ்விரைவுக்கு விலை கொடுத்தல் தவறன்று என்பது வணிகத் தொகுப்பானை ஆதரிப்போரின் வலிமையான வாதமாகும்.

எனினும் அவ்விரைவு எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. கணினி எண்களை வரையறுத்த துல்லியத்துடனேயே ஏந்துகின்றது. வழக்கமான இரட்டைத் துல்லிய முறையில், நூறு கோடி கோடியுடன் ஒன்றைக் கூட்டிப் பின் நூறு கோடி கோடியைக் கழித்தால் விடை பூச்சியம். கழித்த பின் ஒன்றைக் கூட்டினால் விடை ஒன்று. கணிப்பின் வரிசையை மாற்றினால் விரைவு கூடும், விடையும் மாறக்கூடும். இத்தகைய மாற்றங்களுக்கு இன்டெல் தொகுப்பான் தன் இயல்பான அமைப்பிலேயே இடமளித்தது, ஜி.சி.சி.யோ பயனர் வேண்டினாலன்றி அளிப்பதில்லை. இவ்வேறுபாட்டைச் சமன் செய்யாமல் இரண்டின் விரைவையும் ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடாகாது.

இதனினும் பாரதூரமானது பிறிதொன்று. இன்டெல் தொகுப்பான் உருவாக்கிய நிகழ்ச்சித்திட்டங்கள், தாம் இயங்கும் நுண்செயலியை ஆக்கியவர் யாவர் என வினவி, பிற நிறுவனத்தாரின் நுண்செயலியாயின் விரைவு குன்றிய வழியைத் தெரிவு செய்தன. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009 டிசெம்பரில் அந்நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டாயிற்று. 2010இல் எட்டப்பட்ட உடன்பாடு, இவ்வேறுபாட்டை வாடிக்கையாளர்க்கு வெளிப்படையாக அறிவிக்குமாறு பணித்தது. மூலக்குறிமுறை மூடப்பட்டிருக்கும்போது, அளவுகோலை வைத்திருப்பவரே அளக்கப்படும் பொருளையும் விற்பவராகி விடுகின்றார்.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் அங்கேதான் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரை அழித்தால் ஓதப்படுவதும் அழியும் என அஞ்சியே துறவிகள் அதனைச் செய்தனர். ஏட்டில் ஏறிய அறிவை இன்னொரு பிரதியோடு ஒப்புநோக்கலாம், பிழையைச் சுட்டலாம். ஒருவர் நினைவில் மட்டும் உறையும் அறிவை நம்பலாமேயன்றிச் சோதித்தல் அரிது. மூடிய தொகுப்பானும் அத்தகையதே.

இலவசம் வேறு, கட்டற்றமை வேறு என்பதும் மறக்கத்தக்கதன்று. 2020இன் இறுதி முதல் இன்டெல் தன் புதிய தொகுப்பான்களை விலையின்றியும் வழங்குகின்றது. அவையும் 2000இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் பொதுச்சொத்தின் மீதே எழுந்தவை. ஆயினும் அவற்றின் மூலக்குறிமுறை முழுமையாகத் திறக்கப்படவில்லை. விலை நீங்கிய பின்னரும் திரை நீங்கவில்லை.

ஆகவே வணிகத் தொகுப்பானை விலக்குதல் அறமென்றோ, பயன்படுத்துதல் பாவமென்றோ கொள்ள வேண்டுவதில்லை. விரைவு வேண்டுமிடத்து அது பயன்படட்டும். ஆனால் மக்களின் உயிரும் பொருளும் தங்கியுள்ள கணிப்பு எதுவும், எவரும் படித்தறியத்தக்க தொகுப்பானாலும் ஒருமுறை கணிக்கப்பட்டு ஒப்புநோக்கப்படுதல் வேண்டும். இரண்டும் முரண்படுமாயின், காரணம் அறியும் வரை விரைந்து வந்த விடைக்கு விரைவு ஒன்றே சான்றாகாது. பிறர் சோதிக்க இயலாத கணிப்பு எத்துணை விரைந்து வரினும் விஞ்ஞானமாகாது. அது விற்றவரின் வாக்குறுதியாகவே நிற்கும்.