நாவும் ஓர் அமானிதம்

 

ரிங்லெட்டில் கடை வைத்திருக்கும் நம் காதில் ஊர்க் குறைகள் யாவும் விழுகின்றன. மலைச்சரிவை வெட்டுவதும் ஆறு சேறாவதும் நாம் அறியாதவையல்ல. 2013 அக்டோபரில் சுல்தான் அபூபக்கர் அணை நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பறிபோனதையும் மறந்தோமில்லை. ஆயினும் சபையில் எழுந்து பேசும்படி கேட்டால், "வழக்குப் போட்டால் கடை என்னாவது?" என்று பின்வாங்குகிறோம்.

இந்த அச்சம் வீணன்று. நமது பஹாங்கிலேயே ரவூப் அருகில் புக்கிட் கோமான் இருக்கிறது. அங்கே 2009-இல் சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கத் தொடங்கியபின், உடல்நலம் கெடுகிறதென்று கிராமத்தார் முறையிட்டனர். அவர்கள் சார்பில் பேசிய ஒரு பெண்மணி மீதும், செய்தி வெளியிட்ட மலேசியாகினி மீதும் சுரங்கக் கம்பெனி மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. பெண்மணி மீதான வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று 2019-இல் தள்ளுபடியாயிற்று. மலேசியாகினியோ 2021 ஜூலையில் தோற்று, நஷ்டஈடும் செலவுமாக 550,000 வெள்ளி கட்ட நேர்ந்தது.

நமது 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் உண்மையும் நியாயமான விமர்சனமும் தற்காப்பாகும். ஆனால் நிரூபிக்கும் பாரம் பேசியவன் தலைமேல் விழுகிறது. வென்றாலும் வருடங்கள் போய்விடும். இதை உணர்ந்தே, பொதுநலப் பேச்சை அடக்கத் தொடுக்கும் வழக்குகளை ஆரம்பத்திலேயே தள்ள ஒன்டாரியோ 2015-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2024-இலும் சட்டம் செய்தன. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2010-இல் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு அத்தகைய விதியைத் தந்தது.

சகோதரர்களே! நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி நிற்குமாறு திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் பணிக்கிறது. வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. ஆகவே மௌனமும் குற்றம். வாய்க்கு வந்ததைப் பேசுவதும் குற்றம். தொழுகையும் நோன்பும் சுமந்து வந்தும், பிறர்மீது பழி சுமத்தியதால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்பவனே உண்மையில் திவாலானவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். திவால் என்பதன் பொருளை வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

வழக்குப் போடும் வசதி நம் கையிலும் வரலாம். கலப்படமென்று உண்மையாகக் குறை கூறிய ஏழை வாடிக்கைக்காரனை வக்கீல் நோட்டீசால் வாயடைக்க எண்ணாதீர்கள். வாதத் திறமையால் ஒருவன் பிறர் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றாலும், அவன் பெற்றது நெருப்புத் துண்டே என்று நபியவர்கள் கூறியிருக்கிறார்கள்.

எனவே கண்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். ஆளை ஏசாமல் செயலைச் சொல்லுங்கள். மனுவில் பலராகக் கையெழுத்திடுங்கள். உண்மை பேசிய அண்டைக் கடைக்காரர் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டால், அவர் எந்த மதத்தவராயினும், வக்கீல் செலவில் பங்கெடுங்கள். தனியே நிற்பவனைத்தான் வழக்கு நசுக்குகிறது.

உண்மையைச் சொல்லும் துணிவையும், பொய்யிலிருந்து நாவைக் காக்கும் பேணுதலையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.