நட்பும் பிழைப்பும்

நெய்வேலி நகரியத்தில் நண்பரைத் தேடி அலைய வேண்டிய தேவை ஒரு காலத்தில் எவருக்கும் பெரிதாக இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனம், பல ஊர்களிலிருந்து வந்தோருக்கு வேலையைத் தந்ததோடு வீட்டையும் வட்டம் வட்டமாகப் பிரித்து அளித்தது. தஞ்சைக்காரரும் நெல்லைக்காரரும் மலையாள நாட்டவரும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் குடியேறினர். அண்டை வீட்டார் யார் என்பதை ஒதுக்கீட்டு ஆணை முடிவு செய்தது. நமது சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் இயலாது. ஆகவே அவரோடு கொண்ட உறவில் பிழைப்பின் கணக்கு அதிகம் கலக்கவில்லை. (பதவி உயர்வுக் காலங்களை இங்கே சேர்க்காமல் விடுவோம்.)

இன்று அதே தெருக்களில் வேறொரு தலைமுறை வாழ்கிறது. நிரந்தரப் பணியாளரின் பிள்ளைகளுக்கெல்லாம் நிரந்தரப் பணி கிட்டுவதில்லை. வரிக்கணக்கு எழுதுவோர், திருமணங்களில் படம் எடுப்போர், மின்பணி செய்வோர், கணினியின் முன் அமர்ந்து வெளியூர் நிறுவனங்களுக்கு வடிவமைத்துத் தருவோர் எனப் பலர் தம் கைத்திறன் ஒன்றையே நம்பி நிற்கின்றனர். இவர்களுக்கு முதல் தேதி என்று ஒன்று இல்லை. "நம்ம பையன், நல்லாச் செய்வான்" என்று யாரோ ஒருவர் சொல்லும் சொல்லில்தான் அடுத்த மாத அரிசி இருக்கிறது. ஆகவே திருமண வீட்டிலும் ஆலயத் திருவிழாவிலும் கைப்பேசி எண்கள் கைமாறுகின்றன. நலம் விசாரிக்கும்போதே, எதிரே நிற்பவர் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று மனம் கணக்கிடுகிறது. பின்னர் அதே மனம் உறுத்துகிறது. இவ்வாறு பழகுவது தவறா?

நட்பில் கணக்குப் பார்க்கலாகாது என்று கூறி இவ்வினாவைத் தள்ளிவிடுவது எளிது. மாதச் சம்பளம் வாங்குவோருக்கு அது மிகவும் எளிது. நட்பை மூவகையாகப் பிரித்த அரிஸ்டாட்டில், பயன் கருதிய நட்பை நிறைவற்றது என்றாரேயன்றித் தீயது என்று ஒதுக்கவில்லை. பயன் முடிந்தால் அந்நட்பும் முடியும் என்பதே அவர் கண்ட குறை. ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் வேறாகவும் தம் உறவை எண்ணியிருக்கும்போதே பூசல் எழுகிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். நமது தெருக்களில் நாம் காண்பதும் இதுவே. வேலை வேண்டும் என்று நேராகக் கேட்டவரை எவரும் வெறுப்பதில்லை. மூன்று மாதம் அன்பு காட்டி, நான்காம் மாதம் கேட்பவரைத்தான் மறக்க முடிவதில்லை.

புனித பவுலும் கைத்தொழிலாளியே. கொரிந்து நகருக்கு வந்த அவர், உரோமையிலிருந்து வெளியேற நேர்ந்த அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரைச் சந்தித்தார். இருதரப்பினரும் கூடாரம் செய்பவர்கள் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அவ்வுறவு தொழிலில்தான் துளிர்த்தது. பின்னாளில் அத்தம்பதியர் அவருடைய உயிருக்காகத் தம் கழுத்தையே ஈடாக வைத்ததாக அவர் எழுதினார். ஆயினும் அதே கொரிந்து மக்களிடம் தம் பிழைப்புக்கெனப் பொருளுதவி பெற அவர் மறுத்தார். பிலிப்பியரின் உதவியை மட்டும் மகிழ்வோடு ஏற்றார். செல்வரின் கொடையைப் பெறுபவர் அவருடைய ஆளாகவே கருதப்பட்ட காலம் அது; அந்தத் தளையை அவர் தவிர்த்தார் என விவிலிய அறிஞர் பலர் கருதுவர். யாரிடம் பெறலாம், யாரிடம் பெறலாகாது என்பதை அவர் ஆய்ந்திருக்கிறார். பெறுவதையே இழிவென்று அவர் கருதவில்லை.

ஆகவே நண்பரிடம் வேலை கேட்பது குற்றமன்று என்றே நாம் கருதுகிறோம். அவர் மறுப்பதற்கு இடம் விட்டுக் கேட்கிறோமா என்பதே பார்க்க வேண்டியது. பழைய உதவியை நினைவூட்டிக் கேட்டால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. வேலை கொடுக்கும் அதிகாரத்தில் நண்பர் இருப்பின் சிக்கல் இன்னும் கடுமையாகும். அங்கே மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். குறைந்த விலைக்கு நன்றாகச் செய்யக்கூடியவர், அதிகாரியை அறியாதவர். ஒப்பந்தப்புள்ளி அவருடைய உரிமை. நட்பின் பெயரால் அது பறிக்கப்பட்டால், இருவருக்குமிடையே எவ்வளவு அன்பு இருந்தாலும் அது அநீதியே.

மறுபக்கமும் ஒன்றுண்டு. நண்பர் என்ற உரிமையில் படம் எடுப்பவரிடம் இலவசமாகப் படமும், கணக்கரிடம் இலவசமாகக் கணக்கும் கேட்போர் நம் பங்குகளில் குறைவில்லை. "நமக்குள்ள என்ன?" என்பார்கள். மளிகைக் கடைக்காரர் அப்படிச் சொல்லமாட்டாரே! வேலைக்கு முன்னரே விலையைச் சொல்லிவிடுவதால் நட்பு கெடுவதை நாம் கண்டதில்லை. சொல்லாமல் விட்டதால் பேச்சு நின்றுபோன வீடுகளை அறிவோம்.

பணி ஓய்வு பெறும் அலுவலர் நகரிய வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிலர் சொந்த ஊர் செல்கின்றனர். சிலர் வடக்குத்து, இந்திரா நகர்ப் பக்கம் வீடு கட்டிக்கொள்கின்றனர். அதுவரை நாள் தவறாமல் ஒலித்த கைப்பேசி அமைதியாகிறது. கிறிஸ்து பிறப்பு நாளில் வீடு நிறைய வந்த இனிப்புப் பெட்டிகள் நான்கைந்தாகச் சுருங்குகின்றன. அவர் அந்த நான்கைந்தின் பெயர்களையும் நமக்குச் சொல்வார். அவற்றுள் சில, முன்பு அவரிடம் வேலை கேட்டு வந்தவர்களின் பெயர்களாகவே இருப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம்.