மேலங்கி: கொடையா? கடனா?

மழை பெய்கிறது. மாடியில் நின்று பார்ப்பவருக்கு அது காட்சி. வயலில் நின்று பார்ப்பவருக்கு அது வாழ்வு. நள்ளிரவு நெடுஞ்சாலையோரம் துடைப்பம் பிடித்து நிற்பவருக்கோ அது கூடுதல் வேலை! வடிகால் அடைத்துக்கொள்கிறது, மரக்கிளை முறிந்து விழுகிறது, மின்கம்பி அறுந்து தொங்குகிறது. ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடும் வேளையில் வீட்டைவிட்டு வெளியே ஓட வேண்டியவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஓடுவதால்தான் ஊர் உறங்குகிறது.

அவர்களுக்கு மேலங்கி வழங்குகிறார்கள். மஞ்சளோ ஆரஞ்சோ, பளிச்சென்ற நிறம். குறுக்கே வெள்ளிப் பட்டை. மழை தாங்கும் துணி. வழங்கும் நாளில் பந்தல் உண்டு, படப்பிடிப்பு உண்டு, பத்துப் பேருக்குப் பொன்னாடை உண்டு. ‘அன்போடு அளித்தோம்’ என்ற அறிவிப்பும் உண்டு. நல்ல செய்திதானே, இதிலென்ன கேள்வி என்பீர்கள். கேள்வி இருக்கிறது, தோழர்களே! அந்த மேலங்கி கொடையா, கடனா?

சொல்லில் என்ன இருக்கிறது, துணி கிடைத்தால் போதாதா என்று கேட்பவர் உளர். சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்பது நம்மவர் பழமொழி. கொடையென்று கொண்டால், கிடைத்தது எதுவாயினும் கைகூப்பி வாங்க வேண்டும்; தையல் பிரிந்தாலும் சிரிக்க வேண்டும்; கழுத்துக்குப் போதாதது வந்தாலும் வாழ்த்த வேண்டும். கடனென்று கொண்டாலோ, எண்ணி வாங்கலாம், எடைபோட்டு வாங்கலாம், குறைந்தால் ‘மீதி எங்கே?’ என்று கேட்கலாம். கேட்பவன் நன்றி கெட்டவனாக மாட்டான்; கணக்குத் தெரிந்தவனாவான். நான் கடன் என்ற கட்சி. ஆகவே மாட்டின் பல்லைப் பிடித்தே பார்ப்போம்.

முதற்பல், நிறம். அந்தப் பளிச்சென்ற மஞ்சள் வெறும் சாயமன்று. கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றி வெளியிடும் பொருள் அதில் கலந்திருக்கிறது. அதனால்தான் மேகம் கவிந்த பகலிலும், பொழுது சாயும் வேளையிலும், மற்ற நிறங்கள் மங்கி நிற்க இது மட்டும் தானே எரிவதுபோல் தோன்றுகிறது. இந்த இயல்புக்கு 1852-ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலார் பெயரிட்டார். அதைச் சாயமாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களோ அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்விட்சர் உடன்பிறப்புகள். 1933-இல் கலிபோர்னியாவில் சரக்குப் பெட்டிகளை இறக்கும் வேலையில் அடிபட்டு, கண்ணும் மூளையும் பாதிக்கப்பட்டு, இருட்டறையில் படுத்திருந்தார் பாப் ஸ்விட்சர். அண்ணன் தம்பி இருவரும் புறஊதா விளக்கை வைத்துக்கொண்டு எது ஒளிர்கிறது, எது ஒளிரவில்லை என்று தேடத் தொடங்கினர். ஜோசப் ஸ்விட்சருக்கு மேடை மாயவித்தையில் ஆசை. தொடக்கத்தில் அந்தச் சாயம் மாயவித்தைக்குத்தான் பயன்பட்டது. வேடிக்கை பாருங்கள்: வேலைக்களத்தில் அடிபட்ட ஒரு தலையிலிருந்தே, வேலைக்களத்தில் அடிபடாமற் காக்கும் நிறம் பிறந்திருக்கிறது! மந்திரம் என்று மேடையில் காட்டியது, மறைப்பை விலக்கியதும் வேதியியல் ஆயிற்று.

ஆனால் இந்தச் சாயம் இரவில் உறங்கிவிடும். புறஊதாக் கதிர் இல்லாத இடத்தில் அது எதை உறிஞ்சி எதைக் கொடுக்கும்? இரவுக்கு வேண்டியது இரண்டாம் பல்லாகிய பட்டை. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த அந்தப் பட்டை, தன்மேல் விழும் விளக்கொளியை நாற்புறமும் சிதறவிடாமல், வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. வண்டியின் விளக்கிலிருந்து போன ஒளி வண்டியோட்டியின் கண்ணுக்கே திரும்புகிறது. பகலில் வெள்ளிபோல் மின்னிவிட்டு இரவில் ஒன்றும் செய்யாத போலிப் பட்டையும் உண்டு. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கைவிளக்கைக் கண்ணுக்கு அருகே பிடித்து, இருட்டில் இருபதடி தள்ளித் தொங்கும் சட்டையின்மீது அடித்துப் பாருங்கள். வெண்மையாக வெடித்துத் தெரிந்தால் அது பட்டை. தெரியாவிட்டால் அது நாடா. வழங்கும் விழாவில் விளக்கேற்றுகிறார்களே, அந்த நேரத்தில் இந்த விளக்கையும் ஏற்றிப் பார்க்கலாம்!

இனி, பட்டை எங்கே இருக்க வேண்டும் என்பது. 1973-இல் சுவீடன் நாட்டு உளவியலார் குன்னர் யோகான்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருட்டில் ஓர் ஆள். அவருடைய மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள். அசையாமல் இருந்தபோது பார்த்தவர்களுக்கு அது ஏதோ புள்ளிக்கூட்டம். நடக்கத் தொடங்கியதும், கண்ணிமைக்கும் நேரத்தில், ‘மனிதன்!’ என்று கண்டுகொண்டனர். பின்னாளில் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்களும் இதையே கண்டனர்: மார்பில் மட்டும் பட்டை அணிந்தவரைவிட, மணிக்கட்டிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை அணிந்தவரை ஓட்டுநர்கள் இரவில் வெகு தொலைவிலேயே மனிதனென அடையாளங் கண்டனர். மார்பில் மட்டும் மின்னுவது கம்பமாக இருக்கலாம், தடுப்பாக இருக்கலாம், சாலையோரப் பலகையாக இருக்கலாம். கையும் காலும் அசைந்து மின்னினால்தான் அது மனிதன்.

இதை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ‘ஏதோ இருக்கிறது’ என்று காண்பது ஒன்று. ‘ஒரு மனிதர் இருக்கிறார்’ என்று காண்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள இரண்டொரு நொடியில்தான் தடைக்கட்டையை மிதிப்பதா இல்லையா என்பது முடிவாகிறது. கையில்லாச் சட்டையை மட்டும் கொடுத்தவர், ‘ஏதோ இருக்கிறது’ என்பதற்கு மட்டும் செலவு செய்திருக்கிறார். ஐ.எஸ்.ஓ. 20471 என்ற பன்னாட்டுத் தரம் இத்தகைய ஆடைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. கடைசி வகுப்புக்கு ஒளிரும் துணி 0.14 சதுர மீட்டர் இருந்தால் போதும். உயர் வகுப்புக்கு 0.80 சதுர மீட்டர் வேண்டும். பட்டை வைத்த முழுக்கையோ முழுக்காற்சட்டையோ கட்டாயம். விரைந்தோடும் வண்டிகளுக்கு நடுவே நிற்பவருக்கு எந்த வகுப்பு என்பதைக் கொள்முதல் செய்பவர் ஊகித்துக்கொள்ளத் தேவையில்லை, அட்டவணை இருக்கிறது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 15809 என்ற தரம் இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது.

இன்னொன்றை எந்த ஏடும் சொல்லாமலே நாம் அறியலாம். கூட்டுபவர் நிமிர்ந்து நின்று கூட்டுவதில்லை, குனிகிறார். குனிந்தால் மார்புப் பட்டை மண்ணைப் பார்க்கிறது, முதுகுப் பட்டை வானத்தைப் பார்க்கிறது. பின்னாலிருந்து வரும் வண்டியின் விளக்கு எதைக் காணும்? இடுப்புக்குக் கீழே பட்டை இருந்தால்தானே காணும்! நிமிர்ந்து நிற்கும் பொம்மைக்குப் போட்டுப் பார்த்து வாங்கிய சட்டை, குனிந்து பிழைக்கும் மனிதருக்குப் பொருந்துவது எங்ஙனம்? மேலும், நம்மூர்களில் இவ்வேலை செய்வோரில் பெருந்தொகையினர் பெண்கள். சேலைமீது ஆணின் அளவுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோள் நழுவ, பட்டை மடிப்புக்குள் மறைய, அவர்கள் வேலை செய்கின்றனர்.

மூன்றாம் பல், மழை. துணி நீர் புகாதது என்பார்கள், உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துணியைச் சட்டையாக்க ஊசி குத்தியாக வேண்டுமே! குத்திய ஒவ்வொரு துளையும் மழைக்குத் திறந்த வாயில். தையலின் உட்புறம் நாடா ஒட்டி அடைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். தலைமூடி, தலை திரும்பும்போது தானும் திரும்புகிறதா, அல்லது பக்கப் பார்வையை மறைத்து, பின்னால் வரும் வண்டியின் ஓசையையும் அடக்கிவிடுகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். தன்னைப் பிறர் காண அணிந்த ஆடை, பிறரைத் தான் காண முடியாமல் செய்துவிடக் கூடாது.

எல்லாவற்றினும் பெரிது, மூச்சு. மலிவான மழைக்கோட்டு பெரும்பாலும் பி.வி.சி. பூசியது. வெளிநீர் உள்ளே வராது. உள்நீரும் வெளியே போகாது. மழைக்கோட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 343, காற்றுப் போகாத கடைநிலைத் துணியை 25 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து ஏறத்தாழ 60 நிமிடமே அணியலாம் என்று அறிவுறுத்துகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை இரவுகள் அந்த வெப்பத்தை ஒட்டியே இருக்கின்றன. வேலை நேரமோ எட்டு மணி! மழையில் நனையாமலிருக்க வியர்வையில் நனைவதா? ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்ட, அவர் கழற்றி முள்வேலியில் போடுகிறார். உடனே வருகிறது தீர்ப்பு: ‘கொடுத்தாலும் போடுவதில்லை, இவர்களுக்கு அறிவில்லை.’

யாருக்கு அறிவில்லை? உடல் சொல்லும் உண்மையைக் கேட்டவருக்கா, உடலையே கேளாமல் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவருக்கா? குளிரூட்டிய அறையில் மாதிரித் துணியைத் தடவிப் பார்த்து ஒப்பமிட்ட அதிகாரி, அதே சட்டையை மாட்டிக்கொண்டு ஒரே ஓர் இரவு, வேண்டாம், இரண்டே மணி நேரம், மழையில் குப்பை வாரிப் பார்க்கட்டும். காலையில் கொள்முதல் விதிகள் தாமாகவே திருந்தியிருக்கும்!

1964-இல் கிளாஸ்கோ நகரில், பொல்லாக்ஷீல்ட்ஸிலிருந்து எக்ளின்டன் தெரு வரை மின்மயமான இருப்புப்பாதையில் வேலை செய்தோருக்கு, பிரித்தானிய ரயில்வேயின் ஸ்காட்லாந்துப் பிரிவு ஆரஞ்சு நிற மேலங்கியைக் கொடுத்துப் பார்த்தது. ‘மின்மினி’ என்று அதற்குப் பெயர். பயன் உண்டா என்பதை ரயில் ஓட்டுநர்களிடம் கேட்டனர். எதிரே வருபவனின் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்டது அறிவுடைமை. அதோடு, அணிந்தவரின் தோளுக்கும் மூச்சுக்கும் பொருந்துகிறதா என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் சோதனை முழுமை பெறும். பத்துப் பேருக்குக் கொடுத்து, ஒரு மழைக்காலம் அணியவிட்டு, குறைகளை எழுதி வாங்கி, அதன்பின் பத்தாயிரம் வாங்குவதில் என்ன இடர்?

இங்கே ஓர் எச்சரிக்கை. நல்ல மேலங்கி கிடைத்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அதுவே ஒரு பொறியாகவும் ஆகலாம். அதுவரை ‘காண வேண்டிய கடமை’ வண்டியோட்டியிடம் இருந்தது. சாலையை மறித்துத் தடுப்பு வைக்கும் கடமை வேலை கொடுத்தவரிடம் இருந்தது. சட்டை வந்ததும், ‘காணப்பட வேண்டிய கடமை’ என்று ஒன்று முளைத்து, அது தொழிலாளியின் தோளில் ஏறிக்கொள்கிறது. விபத்து நேர்ந்தால் முதற்கேள்வி, ‘வண்டி எவ்வளவு விரைவாக வந்தது?’ என்பதன்று; ‘சட்டை போட்டிருந்தாரா?’ என்பது. போட்டிருந்தார் என்றால், ‘விதி’. போடவில்லை என்றால், ‘அவர் குற்றம்’. ஆக, பொறுப்பேற்க வேண்டியவர் எப்படிப் பார்த்தாலும் தப்பிவிடுகிறார்! வேலைக்களப் பாதுகாப்பில் அறிந்த வரிசை ஒன்று உண்டு: முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் இடையே தடுப்பு வை, வேலைமுறையை மாற்று, எல்லாம் செய்தபின் எஞ்சும் ஆபத்துக்கே ஆடை. ஒரு தடத்தை மூடி, எச்சரிக்கை விளக்கு வைத்து, வண்டிகளை மெதுவாக்கிவிட்டு, அதன்பின் சட்டையைக் கொடுப்பவர் காக்கிறார். ஒன்றுமே செய்யாமல் சட்டையை மட்டும் கொடுப்பவர் தம்மைக் காத்துக்கொள்கிறார்.

கடன் என்றேனே, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 114-ஆம் பிரிவு, சட்டப்படி அளிக்க வேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாதென்றது. ஆனால் சாலை, தொழிற்சாலை ஆகாது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும், பாதுகாப்புக்காகச் செய்வது எதற்கும் ஊழியரிடம் காசு வாங்கலாகாது என்கிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஆடை விதிகள் நிலையான ஊழியருக்கே பொருந்தின. 2022 ஏப்ரல் 6 முதல் தற்காலிகமாக உழைப்போருக்கும் விரிந்தன. மழை ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துவிட்டா பெய்கிறது? நிரந்தரப் பணியாளரை நனைத்து, ஒப்பந்தப் பணியாளரை விட்டுவிடுகிறதா? கடன் பத்திரத்தைத் தொடர்வதன்று, உடலைத் தொடர்வது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது பிற மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தோம். மலைபோன்ற குப்பையை அவர்களில் பலர் கையுறையின்றி, காலணியின்றி அள்ளினர். ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயரைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று 2020-இல் மாற்றினோம். பெயர் நல்ல பெயர்தான். மழையில் அது நனையவும் நனையாது.

கணக்குக் கேட்பதென்று இறங்கினால், இன்னும் இரண்டு வரவுகளைக் கேட்க வேண்டும். அடைமழைக் காலத்தில் விடியலில் கழற்றிய கோட்டு அன்றிரவுக்குள் உலர்வதில்லை. ஆகவே ஆளுக்கு இரண்டு. அடுத்தது, சட்டையின் உட்புறம் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு. எத்தனை முறை வெளுக்கலாம் என்று அதில் எண் போட்டிருக்கும். அந்த எண்ணைக் கடந்தால் நிறமும் பட்டையும் தரத்துக்குக் கீழே இறங்கிவிடும். சேறு படிந்தால் அதற்கு முன்பே இறங்கிவிடும். விழா நடந்த நாள் செய்தித்தாளில் இருக்கிறது. அந்தச் சட்டையைக் கழித்துப் புதியது தர வேண்டிய நாள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?