பழுதும் பாவமும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர் நாம். எறும்புக்கும் இடர் நேராவண்ணம் நிலம் நோக்கி நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும், இரவுணவைத் தவிர்க்கவும் இளமை முதலே பழகியிருக்கிறோம். ஆயினும், நாம் வாடகைக்கு விட்ட வீட்டின் மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து, உறங்கும் குழந்தையின் அருகே விழுமாயின், அதனை அறத்தின் கணக்கில் சேர்க்கிறோமா? "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்று கூறிக் கடந்துவிடுகிறோம். இக்கூற்று அறத்தின் முன் நிற்குமா என்பதே நம் வினா.

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் கடற்கரையில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வந்தோர் பலர் அங்கே பழைய அடுக்ககங்களில் வாடகைக்கு வாழ்கின்றனர். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே புகுந்து உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவோ, தான் அழித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. அவ்வழுத்தத்தால் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கம்பியைச் சுத்தம் செய்யாமல், நீர்க்கசிவை நிறுத்தாமல், மேலே சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்தால் அடுத்த மழைக்கே அப்பூச்சு உதிர்கிறது. மீண்டும் கொத்தனார் வருகிறார், மீண்டும் பூச்சு, மீண்டும் உதிர்வு.

நம் ஆகமம் கூறும் தத்துவங்களில் ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்பவற்றை விளக்கப் பெரியோர் ஓட்டைப் படகை உவமை காட்டுவர். ஓட்டை வழியே நீர் புகுவது ஊற்று. ஓட்டையை அடைப்பது செறிப்பு. புகுந்த நீரை இறைப்பது உதிர்ப்பு. ஓட்டையை அடைக்காமல் நீரை மட்டும் இறைப்பவன் கரை சேரான். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் பூசும் பூச்சு இத்தகைய இறைப்பேயன்றி வேறன்று.

"நான் எவருக்கும் தீங்கு எண்ணவில்லையே; கெடுப்பது கடற்காற்றன்றோ?" என உரிமையாளர் கேட்கலாம். இதற்கு விடை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்தில் உள்ளது. இம்சைக்கு அந்நூல் வகுத்த இலக்கணத்தில் முதன்மை பெறுவது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. விழிப்போடு நடக்கும் முனிவரின் அடியில் தற்செயலாய் ஓர் உயிர் மாய்ந்தாலும் அவரை இம்சைப் பாவம் பற்றாது. விழிப்பின்றி நடப்பவனை, எவ்வுயிரும் மாயாவிடினும், அது பற்றும் என்பது ஆன்றோர் கொள்கை. கடற்காற்று கெடுக்கிறது என்பது உண்மையே. அது கெடுக்கும் என்று அறிந்தும் வாளாவிருப்பது நம் செயல்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை. குடும்பம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அரசு அறிவித்தது. அது வாரியக் குடியிருப்பு. தனியார் வாடகை வீடன்று. அங்கு எவர் குற்றம் எத்துணை என்பதும் நம் ஆய்வன்று. எனினும் 28 ஆண்டுகளே ஆன கட்டடம் வீழ்ந்தது கடலோரத்தில் வீடு உடைய ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கை. "ஒருவரும் இறக்கவில்லை" என்பது ஆறுதலாகலாம், விழிப்பின்மைக்கு மன்னிப்பாகாது.

சட்டமும் இதனைப் பகுத்துரைக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவற்றை உரிமையாளரின் பொறுப்பாக்கியது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, சாக்கடைத் தூய்மை முதலியன குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தம் கடமையைச் செய்யாவிடின், குடியிருப்பவர் அப்பணியைச் செய்வித்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடந்தருகிறது.

இங்கே ஓர் ஐயம். கொடாததைக் கொள்ளாமை நம் அணுவிரதம். உரிமையாளர் இசையாதபோது வாடகையிற் கழிப்பது களவாகாதா? ஆகாது என்பதே என் துணிபு. முன்னரே எழுத்தால் அறிவித்து, தேவையான அளவே செலவிட்டு, இரசீதைக் காட்டிக் கழிப்பவர் மறைவாக எதையும் கொள்ளவில்லை. உரிமையாளர் பட்ட கடனையே தீர்க்கிறார். செலவை மிகைப்படுத்திக் காட்டுவாராயின் அது களவே. அவ்வாறே, குடியிருந்தவர் வெளியேறும் நாளில் இல்லாத பழுதைக் காட்டி முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதும் களவே. இதனைச் செய்வோர் நம்மிடையே இல்லை என்று சொல்ல இயலுமா?

உரிமையாளர் அனைவரும் செல்வரல்லர். ஒற்றை வீட்டின் வாடகையில் வாழும் முதியோரும் கைம்பெண்டிரும் உளர். அவர்க்கு மேல்தளத்தை முழுதும் செப்பனிடும் பொருள் இராது. ஆயினும் பொருளின்மையை மறைத்து, விரிசல்மேல் வண்ணம் பூசிப் புதியவரைக் குடியமர்த்துவது பொய்ம்மையும் இம்சையுமாக இரட்டிக்கும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றாலும் வினை சேரும் என்பது நம் நெறி. எனவே, "மேலே பூசிவிடு" என ஏவுபவரும், அறிந்தே பூசும் கொத்தனாரும், அறிந்தே மறைக்கும் தரகரும் அதிற் பங்குடையர். உள்ள நிலையை உரைத்து, வாடகையைக் குறைத்து, இருவரும் பகிர்ந்து சிறிது சிறிதாகச் செப்பனிடுவது ஏழை உரிமையாளர்க்கும் இயல்வதே.

குடியிருப்பவர்க்கும் ஒரு சொல். மேல்மாடிக் கசிவு கீழ்வீட்டின் கூரையைக் கெடுக்கும் என அறிந்தும், "வீடு நமதன்று" எனக் குழாயை ஒழுகவிடுவதும் விழிப்பின்மையே. எனினும் இருவர் நிலையும் ஒன்றன்று. முறையிட்டால் காலி செய்யச் சொல்வாரோ என்னும் அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. அம்மௌனத்தை இசைவு எனக் கொள்ளலாகாது. கேளாமலே சென்று பார்ப்பது உரிமையாளரின் கடன்.

இவ்வாண்டுப் பருவமழைக்கு முன், வீடு உடையோர் ஒருமுறை மொட்டைமாடி ஏறிப் பார்ப்பாராக, பின் கீழே குடியிருப்பவரின் கதவைத் தட்டி, "எங்கே ஒழுகுகிறது?" என வினவுவாராக. எறும்பைக் காக்கக் குனியும் கண், தன் கூரையின் கீழ் உறங்கும் மனிதரைக் காக்க ஒருமுறை நிமிர வேண்டாமா?